ஏழு பொட்டலம் ரஷ்யத் தக்காளி விதையும் ஊத்துக்கோட்டைப் பயணமும்

திருப்பதி போய் வந்ததைப் பற்றி நான் எழுதியிருந்தபோது, "அஞ்சாம் வகுப்புதான் படித்தேன் என்கிறீர்கள், நம்ப முடியவில்லை" என்று ஒருவர் பின்னூட்டம் போட்டிருந்தார். நம்புங்கள். பிழையில்லாமல் படிக்கவும் எழுதவும் அந்த அஞ்சு வருஷத்திலேயே டீச்சர் அடித்துச் சொல்லிக்கொடுத்துவிட்டார். கம்ப்யூட்டரில் தமிழ் அடிப்பது என் மகன் செந்தில் கற்றுக்கொடுத்தது. ஒரே விரலில் தட்டுவதால் நாளாகிறது, அவ்வளவுதான்.

இந்தப் பயணம் 2008 செப்டம்பரில், ஒரு புதன்கிழமை. கும்மிடிப்பூண்டியிலிருந்து பெரியபாளையம், அங்கிருந்து ஊத்துக்கோட்டை, சாயங்காலம் வீடு. பெரியபாளையத்து அம்மனைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இதில் பஸ் விவரம் இருக்கிறது. ஆனால் நான் கிளம்பியது தக்காளிக்காக.

செந்தில் ரஷ்யாவில் படித்து, அங்கேயே வேலையில் சேர்ந்து, அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டவன். பேத்தி தான்யாவுக்கு ஆறு வயது. தலைமுடி அவள் அம்மாவுடையது, மூக்கும் பிடிவாதமும் என்னுடையவை; போட்டோ பார்த்த எல்லாரும் அதையே சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் செந்தில் போன் செய்வான். தான்யாவிடம் கொடுப்பான். அவள் "ப்ரிவ்யெத்" என்பாள், அப்படியென்றால் வணக்கம் மாதிரி. நானும் "ப்ரிவ்யெத்" என்பேன். பிறகு போன் கீழே வைக்கப்படும் சத்தம், ஓடும் கால் சத்தம். இரண்டு வருஷமாக எனக்கும் என் பேத்திக்கும் இருந்த பேச்சு இந்த ஒரு வார்த்தைதான்.

மே மாதம் செந்தில் தனியாக வந்தபோது, சம்பந்தியம்மா கொடுத்தனுப்பியதாக ஏழு பொட்டலம் கொண்டுவந்தான். கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாளை நாம் திருநீறு மடிப்போமே அதே மாதிரி மடித்து, ஒவ்வொன்றிலும் நீல மையில் பெயர் எழுதியிருந்தது. அந்த அம்மாவுக்கு ஊருக்கு வெளியே ஒரு தோட்ட வீடு இருக்கிறது. பாட்டி காலத்திலிருந்து விதை எடுத்து எடுத்துப் போடும் தக்காளிகளாம். கடையில் கிடைக்கும் ஒட்டு ரகம் எதுவும் அதில் இல்லை. எனக்கு மொட்டைமாடியில் செடி வைக்கும் கிறுக்கு உண்டு என்று செந்தில் சொல்லியிருக்கிறான்.

பொட்டலங்களை அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்தேன். வெயில் தணியட்டும் என்று இருந்துவிட்டேன். செப்டம்பர் முதல் ஞாயிறு, அதிசயமாகத் தான்யா போனை விட்டு ஓடாமல் ஏதோ கேட்டாள். செந்தில் தமிழில் சொன்னான்: "அம்மா, எந்தத் தக்காளி போட்டீங்கன்னு கேக்குறா. அங்க தோட்டத்துல தண்ணி ஊத்துறதே இவதான்."

இன்னும் போடவே இல்லை என்று எப்படிச் சொல்வது? "சிவப்புத் தக்காளி" என்று சொல்லிவைத்தேன். அவன் அதைச் சொன்னான். அப்புறம் அவள் ஒரு வாக்கியம் சொன்னாள், ஓடிவிட்டாள்.

"இன்னாடா சொன்னா?"

"ஒண்ணுமில்லம்மா. ஆயாவுக்குத் தக்காளி பத்தி ஒண்ணும் தெரியாதுங்குறா."

எனக்கா தெரியாது! சிப்காட் புகையிலும் தூசியிலும் மாடியில் தக்காளி, கத்தரி, மிளகாய் என்று பன்னிரண்டு வருஷமாக எடுப்பவள் நான். ஆனால் கோபத்தைவிட வேறு ஒன்றுதான் மனசில் நின்றது. குழந்தை என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. ஜனவரியில் அவர்கள் மூன்று பேரும் இரண்டு வாரம் இங்கே வருகிறார்கள். அதற்குள் அவள் என்னோடு பேச ஆரம்பிக்கவில்லை என்றால், இரண்டு வாரமும் என் வீட்டில் ஒரு மூலையில் பொம்மையோடு உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவாள். அடுத்து எத்தனை வருஷம் கழித்தோ.

ஆகவே அந்தப் பெயர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும், வாயால் சரியாகச் சொல்லவும் வேண்டும். ஏழில் எதைப் போடுவது என்றும் முடிவு செய்யவேண்டும், ஏனென்றால் மாடியில் இருப்பது பாதியாக வெட்டிய ஐந்து டிரம்தான். (டிரம் வாங்குகிறவர்கள் கவனியுங்கள்: ஆலையில் கழித்துப் போட்ட கெமிக்கல் டிரம் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். நான் வைத்திருப்பது எண்ணெய்க் கடையில் வாங்கிய சமையல் எண்ணெய் டிரம்.) செந்திலையே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் அவன் சிரிப்பான், தான்யாவிடம் சொல்வான். அது எனக்குத் தேவையில்லை.

எதிர்வீட்டு ரோசி, சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை செய்கிறவள். அவள்தான் சொன்னாள், ஊத்துக்கோட்டையில் ஒரு கிளினிக்கில் பர்வீன் என்று ஒரு டாக்டர் இருக்கிறார், ரஷ்யாவில் எம்.பி.பி.எஸ். படித்தவர் என்று. புதன்கிழமை ரோசிக்கு வார லீவு.

"இன்னாக்கா, தக்காளிக்கு டாக்டர் பாக்க வரணுமா நானு?" என்றாள். ஆனால் அவள்தான் எனக்கு முன்னால் செருப்புப் போட்டு நின்றாள்.

காலை 6.40க்குக் கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் சென்னை போகும் பஸ். நீங்கள் கவரைப்பேட்டை தாண்டி ஜனப்பன்சத்திரம் கூட்டு ரோட்டில் இறங்க வேண்டும். சுமார் 22 கிலோமீட்டர், டிக்கெட் எட்டு ரூபாய். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஏறாதீர்கள். நைட் ஷிப்ட் முடித்தவர்கள் நின்றபடியே தூங்கி நம் தோளில் சாய்வார்கள், எழுப்பவும் மனசு வராது. கூட்டு ரோட்டில் டீக்கடை இரண்டு இருக்கிறது. அங்கே மேற்கே திரும்பும் பஸ் எது வந்தாலும் பெரியபாளையம் போகும். அடுத்த 14 கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய். நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பியதும் புகை போய் நெல் வாசனை வந்துவிடும். ஜன்னல் ஓரம் பிடியுங்கள்.

பெரியபாளையத்தில் எட்டரைக்கு இறங்கினோம். ஞாயிற்றுக்கிழமை என்றால் வேப்பிலை கட்டியவர்களும் பொங்கல் வைப்பவர்களும் சேவல் கொண்டுவந்தவர்களுமாக ரோட்டிலேயே நகர முடியாது. புதன்கிழமை பத்து நிமிஷத்தில் தரிசனம். ரோசி வெளியே வளையல் கடை பார்க்கிறேன் என்று நின்றுகொண்டாள்.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும், சைக்கிளோ மிக்சியோ, அம்மன் காலடியில் வைத்து எடுத்துவிட்டுத்தான் தொடுவோம். கடல் தாண்டி வந்த விதையை மட்டும் அப்படியே மண்ணில் போடுவேனா? ஏழு பொட்டலத்தையும் அடுக்கித் தட்டில் வைத்து, பூவும் எலுமிச்சம்பழமும் சேர்த்து நீட்டினேன். பூசாரி பார்த்துவிட்டு, "காயிதம்மா இது. நனையும். பிளாஸ்டிக் கவர் போட்டுக் குடு" என்றார்.

"அம்மன் தண்ணி பட்டா நல்லதுதான் சாமி. வையுங்க."

"அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது."

வைத்தார். மஞ்சள் தண்ணீர் தெளித்தார், குங்குமம் வைத்தார், தீபாராதனை காட்டினார். நான் கண்ணை மூடி, தான்யா ஒரு நாலு வார்த்தை என்னோடு பேசவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். தட்டைத் திரும்ப வாங்கி, பொட்டலங்களை அப்படியே பூவோடு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டேன். அங்கேயே பிரித்துப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரை பாதி நீளத்தில் முடிந்திருக்கும்.

கோயில் வாசலில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஊத்துக்கோட்டை பஸ் ஏறினோம். இருபது கிலோமீட்டர், எட்டு ரூபாய். ரோடு அங்கங்கே ஆரணி ஆற்றை ஒட்டிப் போகிறது. அந்த மாதத்தில் ஆற்றில் மணலும் ஆடும்தான் இருந்தன. ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஆந்திரா. கடைப் பெயர்ப் பலகையில் பாதி தெலுங்கு. பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளினிக்குக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு ஐந்து ரூபாய். ஏழாவது, எட்டாவது ஆளாக எங்களை ஏற்றிவிட்டு டிரைவர் முன்னால் இருந்தவனிடம், "கொஞ்சம் நவுந்து குந்து நைனா, பெரியவங்க வராங்கோ" என்றார். நவுர இடமே இல்லை. டிரைவரே வெளியில் தொங்கிக்கொண்டுதான் ஓட்டினார்.

"எங்கம்மா போவணும்?"

"பர்வீன் டாக்டரம்மா கிளினிக்கு."

"இன்னா ஒடம்புக்கு?"

"தக்காளி," என்றாள் ரோசி. டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, கிளினிக் வரும்வரை வேறு எதுவும் கேட்கவில்லை.

கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"பேஷண்ட் பேரு?"

நான் யோசிக்காமல், "தான்யா" என்றேன்.

"வயசு?"

"ஆறு."

"கொழந்தை எங்க?"

"ரஷ்யாவுல."

பேனாவை வைத்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பத்துப் பேரும் காய்ச்சல், இருமல் எல்லாவற்றையும் மறந்து கேட்டார்கள். "அதெல்லாம் பேஷண்டு பாக்குற நேரத்துல முடியாதும்மா. டாக்டர் திட்டுவாங்க" என்றாள் அந்தப் பெண். அப்போது ரோசி முன்னால் வந்து, "எனக்கு முட்டி வலி. மூணு மாசமா. எழுதிக்கோ. இவங்க என் கூட வந்தவங்க" என்றாள். அப்படித்தான் எங்களுக்குப் பன்னிரண்டாம் டோக்கன் கிடைத்தது. டாக்டர் பீஸ் முப்பது ரூபாய். நான்தான் கொடுத்தேன், ஆனால் முட்டி நிஜமாகவே ரோசியுடையது.

டாக்டர் பர்வீனுக்கு முப்பது வயது இருக்காது. சொந்த ஊர் பழவேற்காடு, வியாபாரக் குடும்பம். ரோசியின் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்து, கம்பெனியில் நின்றுகொண்டே செய்யும் வேலையா என்று கேட்டு, மாத்திரை எழுதினார். அது முடிந்ததும் நான் மஞ்சள் பையை மேஜையில் வைத்தேன்.

"டாக்டரம்மா, கோவிச்சுக்காதீங்க. என் பேத்தி ஊர்லேர்ந்து வந்த தக்காளி வெதை. பேரு படிச்சுக் காட்டணும். எப்படிச் சொல்றதுன்னும்."

பையில் கையை விட்டவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. பொட்டலங்கள் ஈரமாக, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தன. அடுக்கின் நடுவில் இருந்த மூன்று மட்டும் காய்ந்திருந்தன. மீதி நாலில் நீல மையும் மஞ்சளும் கலந்து பச்சையாக ஓடியிருந்தது, அதன்மேல் குங்குமம். எழுத்து என்று சொல்ல ஒன்றும் இல்லை.

ரோசி எட்டிப் பார்த்தாள். "யக்கா, உங்க அம்மனுக்கு ரஷ்ய பாஷை புடிக்கல போலக்கீது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டர் அந்த நாலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "இதுல ஒரு எழுத்து தெரியுது. இதுல அதுவும் இல்லைம்மா. நான் குத்துமதிப்பா ஒண்ணு சொல்லி, அது தப்பாப் போச்சுன்னா பேத்திகிட்ட நீங்கதான் மாட்டிக்குவீங்க. வேணாம்" என்றார். பிறகு காய்ந்த மூன்றில் ஒன்றை எடுத்தார். உடனே படிக்கவில்லை. கட்டம் போட்ட அந்தத் தாளை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "அங்க எல்லாரும் இந்தக் கட்டத் தாள்லதாம்மா எழுதுவாங்க. ஆறு வருஷம் நானும் இதுலதான் நோட்ஸ் எடுத்தேன்."

முதல் பொட்டலம்: பீச்யே ஸேர்த்ஸே. காளை மாட்டின் இதயம் என்று அர்த்தம். பழம் உள்ளங்கை கொள்ளாத பெரிசு, இதய வடிவத்தில் இருக்குமாம். பழுக்க நாளாகும்.

இரண்டாவது: ச்சோர்நிய் ப்ரின்த்ஸ். கறுப்பு இளவரசன். கறுஞ்சிவப்பு, இனிப்பு.

மூன்றாவது: ப்யேலிய் நலீஃப். இது ஒரு ஆப்பிளின் பெயராம், தக்காளிக்கும் வைத்துவிட்டார்கள். செடி இடுப்பு உயரம்கூட வராது, சீக்கிரம் காய்த்துவிடும்.

இப்படித் தமிழில் எழுதியிருக்கிறேனே தவிர, இப்படியே படித்தால் தவறு. நம் எழுத்தில் 'ப' ஒன்றுதான். அவர்களுக்குப் 'பல்'லில் வரும் ப வேறு, 'பஸ்'ஸில் வரும் ப வேறு. காளை மாட்டுக்குப் பஸ்ஸின் ப. இதைவிடப் பெரிய தொந்தரவு இன்னொரு எழுத்து. மூன்று பெயரிலும் அது இருந்தது. இ மாதிரி கேட்கிறது, ஆனால் இ இல்லை. நான் சொல்லச் சொல்ல டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "அம்மா, 'பாட்டு' சொல்லுங்க" என்றார்.

"பாட்டு."

"கடைசியில வாய் குவிக்கலை பாருங்க. சும்மா பல்லுக்குப் பின்னாலேயே ஒரு உ வருது. அதேதான். அதைக் கொஞ்சம் பலமா நடுவுல போடுங்க. எனக்கு அங்க யாரும் சொல்லித்தரலை, நானே ஒருநாள் எங்க அம்மாவோட போன்ல பேசும்போது கண்டுபுடிச்சேன்."

'பாட்டு'வின் வாலைப் பிடித்துக் காளை மாட்டுக்குள் வைத்தேன். டாக்டர் மேஜையைத் தட்டினார். "அதான்!" கதவுக்கு வெளியே பன்னிரண்டுக்கு மேல் டோக்கன் வாங்கினவர்கள் என்ன நினைத்தார்களோ. டோக்கன் பெண் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கிளம்பும்போது டாக்டர் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். "நீங்க எவ்வளவு பழகினாலும் கொழந்தை காதுக்குத் தப்பாத்தான் கேக்கும். அப்போ விட்டுடாதீங்க. 'காக் ப்ராவில்னா?'ன்னு கேளுங்க. சரியா எப்படின்னு அர்த்தம். நான் மார்க்கெட்ல முட்டைக்கோஸ் வாங்கக்கூடத் தெரியாம நின்னப்போ இந்த ஒரு கேள்விதான் என்னைக் காப்பாத்திச்சு. கேட்டவுடனே எல்லாரும் டீச்சர் ஆயிடுவாங்க."

எதிரில் இருந்த ஓட்டலில் சாப்பாடு சொன்னோம் (இருபது ரூபாய், ஆந்திரா பருப்புப் பொடி கேட்காமலே வைத்தார்கள், நெய்தான் கேட்க வேண்டியிருந்தது). சாப்பாட்டைத் தொடாமல் நான் ஈரப் பொட்டலங்களைப் பிரித்தேன். தக்காளி விதையை உற்றுப் பார்த்தால் பூனை முடி மாதிரி மெல்லிய ரோமம் இருக்கும். அது தண்ணீரைக் குடித்து, விதை வீங்கியிருந்தது. காலையிலிருந்து வெயிலில், பையின் புழுக்கத்தில் ஊறியிருக்கிறது.

"காய வெச்சுடலாமேக்கா," என்றாள் ரோசி. ஓட்டலில் கை துடைக்கக் கொடுத்த காகிதத்தில் நாலையும் தனித்தனியாகப் பரப்பினாள்.

"வீங்கினதைக் காய வெச்சா பாதி செத்துடும். இன்னிக்கே மண்ணுல போவணும்."

"அப்போ ஐஞ்சு டிரம்முல நாலு இதுக்கே போச்சா? பேரு தெரிஞ்ச மூணுல ஒண்ணுதான் போட முடியுமா?"

அதுதான். எந்த ரகம் என்று தேர்ந்தெடுக்கத்தான் நான் நாற்பத்து நாலு ரூபாய் பஸ்ஸுக்குக் கொடுக்கும்படி இவ்வளவு தூரம் வந்தேன். நாலு டிரம்முக்கு ஈரமே தேர்ந்தெடுத்துவிட்டது. பெயர் கற்றுக்கொண்ட செடி என் மாடியில் இருக்காது, மாடியில் இருக்கப்போகும் செடிக்குப் பெயர் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை குழந்தை கேட்டால் மறுபடி என்ன, "சிவப்புத் தக்காளி" என்றா சொல்வது? ரோசி என் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து உடைத்து, "ஐஞ்சாவது டிரம்மை சும்மா வுடுங்க. எதைப் போடணும்னு அந்தக் கொழந்தையையே கேளுங்க" என்றாள்.

திரும்பும்போது சத்தியவேடு வழியாகவும் கவரைப்பேட்டை வந்துவிடலாம் என்றார்கள். எனக்கு விதை வாடாமல் சீக்கிரம் வீடு சேரவேண்டும், அதனால் தெரிந்த வழியிலேயே வந்தோம். விதை இருந்த காகிதங்களை ஈரக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். பஸ் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்: பீச்யே ஸேர்த்ஸே, பீச்யே ஸேர்த்ஸே. பக்கத்தில் இருந்த அம்மா, "எந்த அம்மன் மந்திரம்?" என்று கேட்டார். நாலரைக்கு வீடு. ஐந்து மணிக்குள் நாலு டிரம்மிலும் விதை மண்ணுக்குள்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "ப்ரிவ்யெத்" ஆனது. அவள் ஓடுவதற்குள் நான் மூச்சுப் பிடித்து மூன்று பெயரையும் ஒரே வரிசையில் சொன்னேன்.

அவள் அப்பாவைக் கூப்பிடுவது கேட்டது. போச்சு என்று நினைத்தேன்.

"காக் ப்ராவில்னா?" என்றேன்.

ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள். இரண்டு வருஷத்தில் நான் கேட்காத சிரிப்பு. பிறகு அவள் காளை மாட்டைச் சொன்னாள், மெதுவாக, உடைத்து உடைத்து. நான் சொன்னேன். "ந்யெத்," என்றாள். அப்படியென்றால் இல்லை. மறுபடி சொன்னேன். "ந்யெத்!" நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ "தா!" என்று கத்தினாள், ஆமாம் என்று. செந்தில் போனை வாங்க வந்தபோது கொடுக்கவில்லையாம். ஐந்தாவது டிரம்முக்கு எது என்று கேட்கச் சொன்னேன். காளை மாட்டின் இதயம்தான் வேண்டும் என்றாள். எனக்கு வாயில் வராத பெயரைத்தான் எடுப்பாள், என் பேத்தி இல்லையா.

அப்புறம் கேட்டாளாம், "மீதி நாலு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "சாமிகிட்ட வெச்சேன், சாமி தண்ணி பேரை அழிச்சுடுச்சின்னு சொல்லுடா" என்றேன். செந்தில் அதை எப்படி ரஷ்ய மொழியில் சொன்னான் என்று தெரியாது, ரொம்ப நேரம் சொன்னான். அவள் யோசித்துவிட்டு ஒன்று சொன்னாள்.

"அம்மா, இலை வந்ததும் எப்படி இருக்குன்னு சொல்லணுமாம். இலையைப் பாத்து அவளே பேரு கண்டுபுடிச்சுச் சொல்லுவாளாம்."

இப்போது டிசம்பர் ஆரம்பம். அந்த ஞாயிறு தொடங்கி ஒரு ஞாயிறும் தான்யா போனை விட்டு ஓடவில்லை. சில வாரம் அவளே எண்ணை அழுத்துகிறாள். இலை என்றால் லீஸ்த், பூ என்றால் த்ஸ்வெத்தோக் என்று எனக்கு வந்துவிட்டது. அவளுக்கு 'மாடி', 'மழை', 'எறும்பு' வந்துவிட்டது, மழையின் ழ மட்டும் வரவில்லை, "காக் ப்ராவில்னா?" என்று இப்போது அவள் என்னைக் கேட்கிறாள். உருளைக்கிழங்கு இலை மாதிரி இருந்த செடியை அவள் தன் பாட்டியோடு கலந்து பேசி ஒரு பெயர் சொன்னாள். விரல் நீளத்துக்குக் காய்த்ததைத் தாம்ஸ்கியே பால்ச்சிக்கி என்றாள், சீமாட்டியின் விரல்கள். நம் ஊரில் இங்கிலீஷில் அப்படிச் சொன்னால் வெண்டைக்காய்தான் கொடுப்பார்கள். மூன்றாவது, நவம்பர் மழையில் அழுகிப் போய்விட்டது. அன்றைக்கு இரண்டு பேரும் போனில் ரொம்பப் பேசவில்லை. காளை மாடு பூத்திருக்கிறது, அவசரப்படுவதாகக் காணோம்.

பெயர் அழியாமல் வந்திருந்தால் நான் ஏழு பெயரையும் ஒப்பித்திருப்பேன், குழந்தை "சரி" என்று சொல்லிவிட்டு ஓடியிருப்பாள். இப்படி நினைத்துத்தான் பெரியபாளையத்து மஞ்சள் தண்ணீரோடு சமாதானமாகிவிட்டேன். பூசாரியிடமும் அடுத்த தடவை போகும்போது சொல்ல வேண்டும், அவரைக் குறை சொல்லவில்லை என்று.

போகிறவர்களுக்குச் சில விஷயம். பெரியபாளையத்துக்கு ஞாயிறு தவிர எந்த நாளும் நல்லது, காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். ஜனப்பன்சத்திரம் கூட்டு ரோட்டில் பெண்களுக்குக் கழிப்பிட வசதி கிடையாது, கிளம்பும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஊத்துக்கோட்டையில் ஷேர் ஆட்டோ ஏறும் முன்னால் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். விதையைச் சாமியிடம் வைப்பதென்றால் எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். பெயரைப் பென்சிலால் எழுதுங்கள், தண்ணீர் பட்டால் பென்சில் ஓடாது. மழைக்காலத்தில் வெளிநாட்டுத் தக்காளி போடுகிறவர்கள் டிரம்மின் அடியில் நாலு ஓட்டையாவது போடுங்கள். நான் இரண்டு போட்டதால்தான் ஒன்றை இழந்தேன். கறுப்பு இளவரசனும் அந்த ஆப்பிள் பெயர்க்காரனும் காய்ந்தபடி அரிசி டப்பாவில் பத்திரமாக இருக்கிறார்கள், அடுத்த வருஷத்துக்கு.

நாலாவது செடிக்கு இன்னும் பெயர் தெரியவில்லை. இலை சாதாரணம், காய் உருண்டை, காம்பைச் சுற்றி மட்டும் கரும்பச்சை. அங்கே பாட்டியும் பேத்தியும் மூன்று பெயர் வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பழுத்தால்தான் தெரியும் என்கிறாராம் சம்பந்தியம்மா. போன ஞாயிறு, நிறம் மாறுகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். தான்யா போனில் கத்தினாள். செந்தில் தமிழில் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குப் புரிந்துவிட்டது, ஏனென்றால் அவள் தமிழில்தான் கத்தினாள், அவள் அப்பாவைக் கேட்டு எப்போதோ தயார் செய்து வைத்திருக்கிறாள்:

"ஆயா, நான் வர்ற வரிக்கும் பழுக்க வுடாத!"

ரோசியும் நானும் தினமும் சாயங்காலம் மாடிக்குப் போய் அதைப் பார்க்கிறோம். வெயில் படாமல் இருக்க ஒரு பழைய புடவையைக் கட்டி வைத்திருக்கிறேன். எங்கள் மாடியில் பழுக்காதே என்று சொல்லி வளர்க்கப்படும் தக்காளி அது ஒன்றுதான்.